மருத்துவக் குறியீடு சரியா என்று எப்படித் தெரியும்? ஸ்னோமெட் சிடி தரச்சோதனை: ஒரு விளக்கம்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் எழுத்தில் இருக்கும். ஒரு மருத்துவர் "ஹார்ட் அட்டாக்" என்று எழுதுவார், இன்னொருவர் "எம்.ஐ." என்று சுருக்குவார், மூன்றாமவர் "மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்" என்று முழுதாக எழுதுவார். மூன்றும் ஒன்றுதான் என்று மருத்துவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எம்.ஐ. என்பது இதயத்தின் மைட்ரல் வால்வு ஒழுகலுக்கும் சுருக்கம் என்பதால் சில நேரம் மருத்துவருக்கே குழப்பம்தான். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் பெயரோடு 22298006 என்ற எண்ணையும் சேர்க்கிறார்கள். ஸ்னோமெட் சிடி என்ற கலைச்சொல் தொகுப்பில் மாரடைப்பின் எண் அது.

2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. அதிலிருந்து ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணோடு நோயாளியின் பதிவுகளை இணைக்கும் வேலை நடக்கிறது. நம் தகவலை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி பரவலாகக் கேட்கப்படுகிறது, கேட்கவும் வேண்டும். அந்தப் பதிவில் உள்ள எண் சரியானதுதானா, அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள தொகுப்பே பிழையில்லாததா என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

## வகைப்பாடு வேறு, கலைச்சொல் தொகுப்பு வேறு

செய்திகளில் அதிகம் அடிபடும் பெயர் ஐசிடி, அதாவது நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு. 1893-இல் பாரிஸைச் சேர்ந்த புள்ளியியலாளர் ஜாக் பெர்தியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலில் தொடங்கியது இது. 1948-இல் ஆறாம் பதிப்போடு உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. பதினோராம் பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் வேலை எண்ணுவது. எத்தனை பேர் எதனால் இறந்தார்கள், எத்தனை பேர் எதற்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்று கணக்கெடுக்க ஒவ்வொரு நோயாளியும் ஒரே பெட்டியில் விழ வேண்டும், இரண்டு பெட்டியில் விழக் கூடாது.

அந்தக் கட்டாயத்துக்கு ஒரு விலை உண்டு. நுரையீரல் காசநோய் ஒரு தொற்று நோய், நுரையீரல் நோயும்கூட. ஐசிடி-10 அதைத் தொற்று நோய் அத்தியாயத்தில், 'ஏ' எழுத்தின் கீழ் வைக்கிறது. சுவாச நோய்கள் 'ஜே' எழுத்தில் இருக்கின்றன. ஒரு மாவட்டத்தில் நுரையீரல் பாதிப்பு எவ்வளவு என்று 'ஜே' வரிகளை மட்டும் கூட்டிப் பார்ப்பவர் காசநோயாளிகளை முழுக்க விட்டுவிடுவார். ஐசிடியில் பிழை எதுவும் இல்லை. அதைக் கேட்ட விதம்தான் தவறு.

ஸ்னோமெட் சிடியின் வேலை எண்ணுவதற்கு முந்தைய கட்டம். மருத்துவர் கண்டதை, செய்ததை, சந்தேகப்பட்டதை உள்ளபடி பதிவு செய்வது. அமெரிக்க நோயியல் நிபுணர்கள் கல்லூரி 1965-இல் வெளியிட்ட நோயியல் சொற்பட்டியலில் இதன் வேர் இருக்கிறது. அதன் பின்வந்த பதிப்பும் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் வளர்த்த மருத்துவச் சொற்தொகுப்பும் இணைந்து 2002-இல் ஸ்னோமெட் சிடி வெளிவந்தது. 2007-இல் ஒன்பது நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டு அமைப்பு அதன் உரிமையை வாங்கியது. இந்தியா 2014-இல் உறுப்பினரானது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் புனேயில் நடத்தும் மையம்தான் இங்கே அதை விநியோகிக்கிறது, பயன்படுத்துபவர்களுக்குக் கட்டணம் இல்லை.

ஆய்வகப் பரிசோதனைகளுக்கு லாயின்க் என்ற தனித் தொகுப்பு உண்டு. அதன் தரச்சிக்கல்கள் வேறு வகை என்பதால் இங்கே அதை விட்டுவிடலாம்.

## ஓர் எண்ணுக்குள் என்ன இருக்கிறது

ஒரு நோய், ஒரு சிகிச்சை, ஓர் உறுப்பு என்று தனி எண் பெறும் ஒவ்வொன்றும் ஸ்னோமெட் சிடியில் ஒரு கருத்துரு. அப்படி 3,50,000-க்கும் மேற்பட்ட கருத்துருக்கள் நடப்பில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று அங்கங்கள்.

1. அடையாள எண். எதையும் குறிக்காத வெறும் எண் இது. பார்த்த மாத்திரத்தில் இதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது, ஊகிக்கவும் கூடாது.

2. பெயர்கள். ஒரு முழுப்பெயர், ஒரு விருப்பப் பெயர், எத்தனையோ மாற்றுப் பெயர்கள். முழுப்பெயரின் கடைசியில் இது நோயா, அறுவைச் சிகிச்சையா, உடலுறுப்பா என்று சொல்லும் ஒட்டு ஒன்று இருக்கும்.

3. உறவுகள். இது எதன் வகை, உடலில் எந்த இடத்தில், என்ன மாற்றம், எதனால் உண்டானது என்பவை. குடல்வால் அழற்சி என்றால் இடம் குடல்வால், மாற்றம் அழற்சி.

எண்ணில் அர்த்தம் இருக்கக் கூடாது என்பது பிடிவாதமாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் பழைய அனுபவம். 1980-களில் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ரீட் உருவாக்கிய ரீட் குறியீடுகளில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு படிநிலை. 'எச்' என்றால் சுவாச நோய், 'எச்3' என்றால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், 'எச்33' என்றால் ஆஸ்துமா. பிரச்சினை புரிகிறதா? அடைப்பு நோயாளிகளைத் தேட 'எச்3'-இல் தொடங்கும் எல்லாவற்றையும் எடுத்தால் ஆஸ்துமாக்காரர்கள் அத்தனை பேரும் கூடவே வருவார்கள். மருத்துவம் இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்க்கிறது. ஆனால் குறியீட்டை மாற்றினால் லட்சக்கணக்கான பழைய பதிவுகள் அனாதையாகும், மாற்றாவிட்டால் பிழை நீடிக்கும். ஆகவே கணக்கெடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் "எச்33 நீங்கலாக" என்று கையால் விலக்கிக்கொண்டிருந்தார்கள். 2018-இல்தான் இங்கிலாந்தின் பொது மருத்துவர்கள் ஸ்னோமெட் சிடிக்கு மாறத் தொடங்கினார்கள்.

இத்தகைய தொகுப்புக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று 1998-இல் அமெரிக்க மருத்துவத் தகவலியல் ஆய்வாளர் ஜேம்ஸ் சிமினோ பன்னிரண்டு நிபந்தனைகளைத் தொகுத்தார். எண்ணுக்கு அர்த்தம் கூடாது, ஒருமுறை தந்த எண்ணின் பொருள் மாறக் கூடாது, ஒரு கருத்துருவுக்கு மேலே பல தாய்க் கருத்துருக்கள் (அது எவற்றின் வகையோ அவை) இருக்கலாம், "மற்றவை" என்ற குப்பைப் பெட்டி கூடாது என்பவை அவற்றுள் சில. தரச்சோதனை என்று இன்று செய்யப்படுவதில் பெரும்பகுதி இந்த நிபந்தனைகளைக் காப்பதுதான்.

## எங்கே பிழை ஒளிந்திருக்கும்

எழுத்துப் பிழை, இரட்டிப்பு, விடுபட்ட பெயர் ஆகியவை கண்ணில் படும் பிழைகள். தேடினால் கிடைக்கும், திருத்தினால் சரியாகும். ஆபத்தானவை உறவுப் பிழைகள். ஒவ்வொரு கருத்துருவையும் தனித்தனியாகப் படித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். "இதய நோயாளிகள் எல்லாரையும் கொடு" என்று யாராவது கணினியிடம் கேட்கும்போதுதான் விடுபட்டவர்கள் விடுபட்டது வெளிவரும். அப்போதும் வெளிவரும் என்று நிச்சயமில்லை. பட்டியலில் இல்லாதவர்களைப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதே.

2011-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆலன் ரெக்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைத்தான் சோதித்தார்கள். மூலையில் கிடக்கும் அபூர்வ நோய்களை அவர்கள் எடுக்கவில்லை. மருத்துவமனைகளில் தினமும் எழுதப்படும் நோய்கள் தொகுப்பில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். அப்போதைய பதிப்பில் மாரடைப்பு, இதயத்துக்கு இரத்த ஓட்டம் குறைவதால் வரும் நோய்களின் கீழ் வகைப்படவில்லை. பாதத்தின் இரத்தக் குழாய்களோ இடுப்புக் கூட்டுப் பகுதிக்குள் போய் உட்கார்ந்திருந்தன.

பாதம் எப்படி இடுப்புக்குள் போகும்? யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை. பல படிகள் சேர்ந்து அந்த முடிவைத் தந்தன. "இது அதன் வகை" என்ற உறவும் "இது அதன் பகுதி" என்ற உறவும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான் இத்தகைய குழப்பத்தின் ஊற்று. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கால் விரல் பாதத்தின் பகுதி. விரலில் எலும்பு முறிந்தால் பாதத்தில் முறிவு என்று சொல்லலாம், தவறில்லை. விரலை வெட்டி அகற்றினால் பாதத்தை அகற்றியதாகச் சொல்லலாமா? சர்க்கரை நோயாளிகளிடையே கால் இழப்பைக் கணக்கெடுக்கும்போது இந்த இரண்டும் கலந்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். இதைச் சமாளிக்க ஸ்னோமெட் சிடி ஒவ்வோர் உறுப்பையும் மூன்றாகப் பிரித்தது: முழுப் பாதம், பாதத்தின் பகுதி, இரண்டையும் உள்ளடக்கும் பாத அமைப்பு. எலும்பு முறிவு "பாத அமைப்பை"ச் சுட்ட வேண்டும், உறுப்பு நீக்கம் "முழுப் பாதத்தை"ச் சுட்ட வேண்டும். ஏற்பாடு புத்திசாலித்தனமானது. ஆனால் ஆயிரக்கணக்கான இடங்களில் மூன்றில் சரியானதை ஒரு மனிதர் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் தவறினால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் சேர்ந்து தவறும்.

இதைவிடச் சிக்கலான இடம் "இல்லை" என்ற பதிவு. வைரஸ் தொற்று என்பது தொற்றின் ஒரு வகை. அப்படியானால் "வைரஸ் தொற்று இல்லை" என்பது "தொற்று இல்லை" என்பதன் வகையா? இல்லை, நேர் எதிர். எந்தத் தொற்றும் இல்லாதவருக்கு வைரஸ் தொற்றும் இருக்காது. வைரஸ் தொற்று இல்லாதவருக்குப் பாக்டீரியா தொற்று இருக்கலாம். எதிர்மறைப் பதிவுகளில் படிநிலை தலைகீழாக வேண்டும். ஸ்னோமெட் சிடி பயன்படுத்தும் தருக்க மொழியில் "இல்லை" என்ற செயல்பாடு கிடையாது. மூன்றரை லட்சம் கருத்துருக்களைச் சில நிமிடங்களில் வகைப்படுத்தும் வேகம் வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே தவிர்த்தார்கள். ஆகவே இந்தப் பகுதியில் கணினி தரும் வகைப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. "குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு", "மாரடைப்பு என்று சந்தேகம்" போன்ற பதிவுகள் நோய்களோடு சேராமல் தனிப் படிநிலையில் வைக்கப்பட்டிருப்பதும் இதே எச்சரிக்கையால்தான். அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் மகனைச் சர்க்கரை நோயாளியாக எண்ணிவிடக் கூடாதல்லவா.

## சோதனை எப்படி நடக்கிறது

மூன்றரை லட்சம் கருத்துருக்களை இரண்டிரண்டாக ஒப்பிடுவதென்றால் 6,000 கோடிக்கும் மேற்பட்ட ஜோடிகள். மனிதர்களால் ஆகாத காரியம். அதனால் சோதனை அடுக்கடுக்காக நடக்கிறது.

1. கோப்பு அடுக்கு. எண் சரியான வடிவில் இருக்கிறதா, ஒரே முழுப்பெயர் இரண்டு கருத்துருக்களுக்கு வந்திருக்கிறதா, நடப்பில் உள்ள கருத்துரு கைவிடப்பட்ட ஒன்றைச் சுட்டுகிறதா என்று நிரல்கள் பார்க்கும். ஒவ்வோர் எண்ணின் கடைசி இலக்கமும் ஒரு சரிபார்ப்பு இலக்கம். 1969-இல் டச்சுக் கணிதவியலாளர் ஜாகோபஸ் வெர்ஹூஃப் வகுத்த முறை அது. நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் அதே முறையில் வருவதுதான். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் தவறாமல் பிடித்துவிடும். ஆனால் சரியான வடிவில் உள்ள தவறான நோயின் எண்ணை அதனால் பிடிக்க முடியாது.

2. மாதிரி அடுக்கு. எந்த வகைக் கருத்துருவுக்கு எந்த உறவு வரலாம் என்று விதிகள் உண்டு, அவை கணினி படிக்கும் வடிவிலேயே வெளியிடப்படுகின்றன. நோய்க்கு "உடலில் எங்கே" என்ற உறவு வரலாம், அதன் மதிப்பு ஓர் உடலமைப்பாக இருக்க வேண்டும். அங்கே ஒரு மருந்தின் பெயரைப் போட்டால் அப்போதே நிராகரிக்கப்படும்.

3. தருக்க அடுக்கு. எழுதிய உறவுகளிலிருந்து புதிய உறவுகளைக் கணினி தானே வருவிக்கும். திருத்தியவர் இரண்டு வரி மாற்றியிருப்பார், விளைவாக எண்பது கருத்துருக்கள் இடம் மாறியிருக்கலாம். அந்த வேறுபாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. என் கணிப்பில் பிழைகள் அதிகம் சிக்கும் இடம் இதுதான்.

4. மனித அடுக்கு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார். சந்தேகமானவை அந்தத் துறை மருத்துவர்களிடம் போகும்.

இவை தவிர ஆய்வாளர்கள் வளர்த்த துப்பறியும் முறைகளும் உள்ளன. ஒன்று சொல் அடிப்படையிலானது. ஒரு பெயரில் உள்ள சொற்கள் எல்லாம் இன்னொன்றில் அப்படியே இருந்து, கூட ஒரு சொல்லும் இருந்தால், இரண்டாவது முதலாவதன் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உறவு இல்லாவிட்டால் ஏன் என்று கேட்கலாம். இன்னொன்று வடிவ அடிப்படையிலானது. இரண்டு கருத்துருக்கள் மேலே போய்ச் சேரும் மிக அருகிலான பொதுப் புள்ளி ஒன்றுக்கு மேல் இருந்தால் இடையில் ஒரு கருத்துருவோ ஓர் உறவோ விடுபட்டிருக்கலாம். இரண்டுமே எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். அங்கே இருப்பது பிழையா இல்லையா என்பதை மருத்துவம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

தருக்க அடுக்குக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. முழுமையாக வரையறுக்கப்பட்ட கருத்துருக்களின் கீழ்தான் மற்றவற்றைக் கணினியால் தானாகக் கொண்டுவந்து சேர்க்க முடியும். "இந்தக் குணங்கள் இருந்தால் அது இந்த நோய்தான்" என்று எழுத முடியாதவை ஏராளம். பல மனநோய்களை உறுப்பையும் மாற்றத்தையும் வைத்து எப்படி வரையறுப்பது? அத்தகைய கருத்துருக்களின் கீழ் எதையும் கணினி தானாகக் கொண்டுவந்து சேர்க்காது. கையால் எழுதியது எழுதியபடியே இருக்கும்.

## கைவிடலாம், அழிக்கக் கூடாது

முன்பு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி 31-இலும் ஜூலை 31-இலும் பன்னாட்டுப் பதிப்பு வெளிவந்தது. 2022 முதல் மாதாமாதம் வெளிவருகிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் சில கருத்துருக்கள் சேரும், சில கைவிடப்படும். கைவிடப்பட்டவை கோப்பிலிருந்து நீக்கப்படுவதில்லை. தேதியோடு "நடப்பில் இல்லை" என்று ஒரு புது வரி சேரும், பழைய வரி அப்படியே இருக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள எண்ணை இன்றும் படிக்க முடிவது இதனால்தான்.

ஏன் கைவிடப்பட்டது என்ற காரணமும், மாற்றாக எதைப் பார்ப்பது என்ற சுட்டியும் இருக்க வேண்டும். இரட்டிப்பு என்றால் "அதுவும் இதுவும் ஒன்று" என்ற சுட்டி. பெயருக்கு இரண்டு பொருள் வந்துவிட்டது என்றால் "இவற்றுள் ஒன்றாக இருக்கலாம்" என்று பல சுட்டிகள். இரண்டாவது வகையில் பழைய பதிவைத் தானாக மாற்றவே கூடாது. எழுதிய மருத்துவர் எதை நினைத்தார் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

இங்கே மருத்துவமனை மென்பொருள்கள் சறுக்க வாய்ப்பு அதிகம். புதிய பதிப்பை ஏற்றியதும் நடப்பில் உள்ளவற்றை மட்டும் வைத்துத் தேடினால் பழைய எண்களோடு உள்ள நோயாளிகள் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைவார்கள். நோய் குறைந்ததுபோல ஒரு வரைபடம் வரும். யாராவது அதைக் கூட்டத்தில் காட்டிப் பாராட்டும் வாங்கிவிடுவார்கள்!

## ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது

மருத்துவர் ஸ்னோமெட் சிடியில் பதிவு செய்ய, புள்ளிவிவரம் ஐசிடியில் போக வேண்டும் என்பது பல நாடுகளின் ஏற்பாடு. இடையில் ஒரு மாற்றுப் பட்டியல் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று நேராக வராது. சில இடங்களில் வயது, பாலினம் போன்றவற்றைப் பார்த்தே ஐசிடி எண்ணை முடிவு செய்ய முடியும். திடீரென வந்ததா நாள்பட்டதா என்று குறிப்பிடாத மூச்சுக்குழல் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசிடி-10-இல் அதற்கு ஜே40. ஆனால் நோயாளி 15 வயதுக்குக் குறைந்தவர் என்றால் திடீர் வகை என்று கொண்டு ஜே20-இல் சேர்க்க வேண்டும் என்று ஐசிடியே சொல்கிறது. வயதைப் பார்க்காத மாற்றுப் பட்டியல் குழந்தைகளைத் தவறான பெட்டியில் போடும்.

டெங்கு இன்னொரு பாடம். பழைய ஐசிடி-10-இல் டெங்குக் காய்ச்சலுக்கு ஏ90, இரத்தக்கசிவு டெங்குவுக்கு ஏ91. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் டெங்குவைப் பிரிக்கும் முறையையே மாற்றியது: எச்சரிக்கை அறிகுறி இல்லாதது, உள்ளது, தீவிரமானது. அதற்கேற்ப ஐசிடி-10-இன் பின்வந்த திருத்தத்தில் ஏ97 என்ற புதுத் தொகுதி வந்தது. பழைய இரத்தக்கசிவு வகையும் புதிய தீவிர வகையும் ஒன்றல்ல, இரண்டின் எல்லைகளும் வேறு. ஒரு மருத்துவமனை ஏ90-இலும் இன்னொன்று ஏ97-இலும் பதிவு செய்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து "இங்கே தீவிர டெங்கு அதிகம்" என்று சொல்ல முடியாது. பத்தாண்டுப் போக்கு என்று வரைபடம் போடுகிறவர்கள் நடுவில் எந்த ஆண்டில் குறியீடு மாறியது என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவது குறைந்தபட்ச நேர்மை.

தமிழகத்துக்கு நெருக்கமான ஒரு மாற்றுச் சிக்கல் சித்த மருத்துவத்தில் வருகிறது. 2024 ஜனவரி 10 அன்று ஐசிடி-11-இன் மரபு மருத்துவ அத்தியாயத்தில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி நோய்ப் பெயர்களைக் கொண்ட இரண்டாம் தொகுதி புதுதில்லியில் வெளியிடப்பட்டது. இனி சித்த மருத்துவமனைப் பதிவும் உலகத் தரத்தில் எண்ணப்படலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் வாதம், பித்தம், கபம் என்று உடலைப் பார்க்கும் முறையில் ஒரு நோயின் எல்லை நவீன மருத்துவத்தின் எல்லையோடு பொருந்த வேண்டியதில்லை. "இது சர்க்கரை நோய்க்குச் சமம்" என்று ஒரே வரியில் இணைத்துவிட்டால் ஆய்வகத்தில் இரத்தச் சர்க்கரை பார்க்காத ஒருவரும் சர்க்கரை நோயாளிக் கணக்கில் ஏறிவிடுவார். அதனால் இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பதிவதே பாதுகாப்பானது: சித்த மருத்துவர் கண்டதற்கு ஒன்று, நவீன மருத்துவப்படி உறுதியானதற்கு ஒன்று, உறுதியாகாவிட்டால் இரண்டாவதைக் காலியாக விடுவது. மரபு மருத்துவ அத்தியாயத்தின் எண்களை இறப்புக் காரணம் குறிக்கப் பயன்படுத்துவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

## கடைசி முழம்: மருத்துவமனைத் திரை

தொகுப்பு மாசற்றதாகவே இருக்கட்டும். மருத்துவர் திரையில் மூன்று எழுத்து தட்டுகிறார், கீழே ஒரு பட்டியல் விரிகிறது, வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அவர் முதல் வரியைத்தான் தொடுவார். பட்டியல் அகர வரிசையில் வருகிறதா, அதிகம் பயன்படும் வரிசையில் வருகிறதா என்று ஒரு நிரலாளர் எடுத்த முடிவு, பன்னாட்டு அமைப்பு மாதக்கணக்கில் செய்த சோதனையைவிட அதிகமாகப் பதிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. பேச்செல்லாம் உரிமம், இணைப்பு, விநியோகம் பற்றியே இருக்க, இந்தத் திரை யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கிறது.

வழக்கமாக நடக்கும் பிழைகள் இவை.

- "அல்சர்" என்று தேடினால் புண் என்ற நோயும் வரும், புண் என்ற திசு மாற்றமும் வரும். முழுப்பெயரின் கடைசி ஒட்டைத் திரை காட்டாவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். திசு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த நோயாளி எந்த நோய்ப் பட்டியலிலும் வரமாட்டார்.

- "எம்.ஐ." போன்ற சுருக்கங்கள். சுருக்கத்தோடு விரிவையும் சேர்த்தே பெயர் இருக்க வேண்டும் என்பது ஸ்னோமெட் சிடியின் விதி. இடம் போதவில்லை என்று மென்பொருள் விரிவை வெட்டிவிட்டால் விதி இருந்தும் பயனில்லை.

- எக்செல். நாடுகள் தாங்களே சேர்க்கும் கருத்துருக்களின் எண் 18 இலக்கம் வரை போகும். எக்செல் எண்களை 15 இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். கோப்பைத் திறந்து ஒருமுறை சேமித்தாலே போதும். எண் உள்ள நெடுவரிசையை எழுத்து வடிவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

- இறப்புச் சான்றில் "இதயம் நின்றது". எழுதியது சரியான சொல், அதற்கு எண்ணும் உண்டு. ஆனால் இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். இறப்பின் விதத்தை எழுதாதீர்கள், காரணத்தை எழுதுங்கள் என்று சான்றுப் படிவமே சொல்கிறது. எந்தக் கலைச்சொல் தொகுப்பும் இதைத் தடுக்காது.

சரி, ஒரு நடுத்தர மருத்துவமனை என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாதவையாகச் சில:

1. எண்ணோடு மருத்துவர் எழுதிய சொற்களையும், எந்தத் தேதிப் பதிப்பு என்பதையும் சேமிப்பது. பின்னாளில் எண் தவறென்று தெரிந்தால் திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும்.

2. நோய்ப் பெயர் கேட்கும் பெட்டியில் நோய்ப் படிநிலையை மட்டும் காட்டுவது. உறுப்புகளும் திசு மாற்றங்களும் அங்கே தலைகாட்டக் கூடாது.

3. அந்த மருத்துவமனையில் அதிகம் வரும் நூறு நோய்களை மட்டும் எடுத்து, எந்தச் சொல்லைத் தட்டினால் எது முதலில் வருகிறது என்று துறை மருத்துவர்களை உட்காரவைத்துப் பார்ப்பது.

4. ஒரே கேஸ் ஷீட்டுகளை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துக் குறியிடச் சொல்வது. எத்தனை இடங்களில் ஒத்துப்போனார்கள் என்பதோடு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துச் சொல்லும் கப்பா என்ற அளவையும் போட்டுப் பார்ப்பது. முரண்பட்ட இடங்களை எடுத்து யார் தவறு என்று தேடுவதைவிட, பட்டியலில் எந்த இரண்டு வரிகள் அவர்களைக் குழப்பின என்று தேடுவது பயன் தரும்.

5. கேள்வியிலிருந்து பின்னோக்கிச் சோதிப்பது. சென்ற மாத மாரடைப்பு நோயாளிகளை இதயப் பிரிவின் பதிவேட்டிலிருந்து கையால் எண்ணுங்கள், கணினியிடமும் கேளுங்கள். இரண்டு எண்ணிக்கையும் வேறுபட்டால், விடுபட்ட ஒவ்வொருவரையும் தனியாக எடுத்து, பிழை தொகுப்பிலா, மாற்றுப் பட்டியலிலா, திரையிலா, எழுதிய கையிலா என்று பிரியுங்கள்.

ஐந்தாவதில் பிழை தொகுப்பிலேயே இருப்பதாகத் தெரிந்தால், மருத்துவமனை தன் சொந்தக் கோப்பில் திருத்திக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. அடுத்த மாதப் பதிப்பை ஏற்றும்போது அந்தத் திருத்தம் அழிந்துபோகும், பக்கத்து ஊர் மருத்துவமனையிலும் அதே பிழை தொடரும். உறுப்பு நாடுகளில் தேசிய வெளியீட்டு மையம் வழியாக மாற்ற விண்ணப்பம் அனுப்ப வழி இருக்கிறது. இந்தியாவில் அது சி-டாக் மையம். விண்ணப்பத்தில் கருத்துருவின் எண், இப்போது உள்ள தாய்க் கருத்துரு, இருக்க வேண்டியது எது, அதற்கு மருத்துவ ஆதாரம் என்ன என்ற நான்கும் இருந்தால் பரிசீலிப்பவர்களுக்கு வேலை எளிது.